பழ ஈ, பண்ணை வீடு, பக்கத்துத் தோப்பு

மாம்பழ சீசன் வந்துட்டா நம்ம பதிவர் வட்டத்துல ரெண்டு ரக இடுகை கண்டிப்பா வரும். ஒண்ணு, "எங்க தாத்தா தோப்புல அந்தக் காலத்துல..." ரகம். இன்னொண்ணு, "விவசாயிங்க விஷத்தைக் கொட்டுறாங்க, யாரும் மாம்பழம் வாங்காதீங்க" ரகம். முதல் ரகத்தை ரசிச்சுப் படிப்பேன். ரெண்டாவது ரகத்தைப் படிச்சா பின்னூட்டம் போடக் கை துறுதுறுங்கும். பின்னூட்டத்துல அடங்காத அளவுக்கு விஷயம் சேர்ந்துபோச்சு, அதான் தனிப் பதிவு. கொஞ்சம் நீளம். ஆபீஸ்ல ஆணி கம்மியா இருக்கிற நேரமாப் பார்த்துப் படிங்க.

என் கட்சி என்னன்னு முதல்லயே சொல்லிடறேன். செங்கல்பட்டு பக்கத்து மாந்தோப்புகள்ல பூச்சி மருந்து குறையாம இருக்கிறதுக்கு விவசாயியோட அறியாமை காரணம் இல்லை. மாற்று வழி இல்லாததும் காரணம் இல்லை. வழி நூறு வருஷமா இருக்கு. அந்தத் தோப்பு யார் கையில, எத்தனை மாசத்துக்கு இருக்குங்கிறதுதான் காரணம். இதுல நம்மள மாதிரி பொட்டி தட்டுற ஜனங்களுக்கும் ஒரு பங்கு உண்டு. அதுக்குப் பின்னாடி வர்றேன்.

மொதல்ல வில்லனைப் பார்த்துடுவோம். மாம்பழத்தை நறுக்கினா உள்ள வெள்ளையா நெளியுதே, அது 'வண்டு' இல்லை, பழ ஈயோட புழு. (வண்டு துளைக்கிறது வேற. அது கொட்டைக்குள்ள இருக்கும்.) தாய் ஈ பார்க்க வீட்டு ஈ சைஸ்தான், ஆனா குளவி மாதிரி மஞ்சள் கோடு போட்டு அழகா இருக்கும். காய் முற்றி நிறம் திரும்புற நேரம் பார்த்து, தோலுக்கு அடியில ஊசி குத்தின மாதிரி குத்தி முட்டை வைக்கும். ஒரே ஈ தன் ஆயுசுல நூத்துக்கணக்குல முட்டை வைக்கும். புழு சதையைத் தின்னு வளரும், பழம் அழுகிக் கீழே விழும். புழு பழத்தை விட்டு வெளியே வந்து மண்ணுக்குள்ள ஒண்ணு ரெண்டு அங்குலம் போயி கூட்டுப்புழு ஆகும். கொஞ்ச நாள்ல புது ஈ கிளம்பும். அது நேரா அடுத்த பழத்துக்குப் போகும்.

இதுல மருந்து எங்கே வேலை செய்யும்னு யோசிச்சுப் பாருங்க. முட்டை தோலுக்கு உள்ள, புழு சதைக்கு உள்ள, கூட்டுப்புழு மண்ணுக்கு உள்ள. வெளியில கிடைக்கிறது பறக்கிற ஈ மட்டும். அதுவும் இன்னிக்கு உங்க மரத்துல, நாளைக்குப் பக்கத்துத் தோப்புல. பறிக்கிறதுக்கு ரெண்டு வாரம் இருக்கும்போது பழத்து மேல மருந்தை அடிச்சா, ஈக்குப் போறதை விட நமக்கு வர்றதுதான் ஜாஸ்தி.

இந்த ஈயோட பலவீனத்தைக் கண்டுபிடிச்ச கதை நம்ம நாட்டுலதான் நடந்தது. பீகார்ல பூசாங்கிற ஊர்ல இருந்த வேளாண் ஆராய்ச்சி நிலையத்துல ஹவ்லெட்னு ஒரு வெள்ளைக்காரப் பூச்சியியலாளர் இருந்தார். சிட்ரோனெல்லா எண்ணெய்க்கு, அதாவது கொசு விரட்டப் பூசுவாங்களே அதுக்கு, இந்த ஈக்கள் மொய்க்கிறதை அவர் 1912-ல எழுதினார். அதுலயும் ஆண் ஈக்கள் மட்டும்! 1915 வாக்குல காரணப் பொருளையும் பிடிச்சுட்டார்: மெத்தில் யூஜினால். இந்தச் சரக்கு நம்ம துளசியிலயும் இருக்கு. துளசியைக் கசக்கி சட்டியில போட்டு தோப்புல தொங்கவிட்டா ஆண் ஈ வரும்னு சில விவசாயிகள் செய்யறது சும்மா இல்லை.

இன்னிக்குக் கிடைக்கிற பழ ஈப் பொறி இதோட வாரிசுதான். ஒரு பிளாஸ்டிக் டப்பா, உள்ளே மெத்தில் யூஜினாலும் ஒரு சொட்டு பூச்சிக்கொல்லியும் ஊறின சின்ன பிளைவுட் துண்டு. வாசனைக்கு வர்ற ஆண் ஈ நக்கிட்டு அங்கேயே விழுந்துடும். ஆண் ஈ தீர்ந்தா பெண் ஈ வைக்கிற முட்டை பொரிக்காது. ஆமா, இதுலயும் பூச்சிக்கொல்லி இருக்கு. 'நூறு சதவீதம் இயற்கை' கோஷ்டி என்னை அடிக்க வராதீங்க. முன்னாடி இதுல டைகுளோர்வாஸ்தான் ஊத்துவாங்க. 2020 கடைசியோட அதுக்குத் தடை வந்துட்டதால இப்போ வேற சரக்கு. ஆனா அளவைப் பாருங்க. மரம் பூரா நனைய அடிக்கிற மருந்து எங்கே, டப்பாக்குள்ள அடைஞ்சு கிடக்கிற நாலு சொட்டு எங்கே! பழத்துல படாது, தேனீ மேல படாது, மருந்து அடிக்கிற ஆள் மூஞ்சியிலயும் படாது.

ஏக்கருக்குப் பத்துப் பொறி போதும். சேர்த்து கீழே விழற பழத்தை தினமும் பொறுக்கி ரெண்டடி ஆழத்துல புதைக்கணும். அறுவடை முடிஞ்சதும் மரத்தடியை உழுது கூட்டுப்புழுவை வெயில்ல காட்டணும். காயை மரத்துல பழுக்க விடாம முற்றினதும் பறிக்கணும். அவ்வளவுதான் மந்திரம்.

அப்புறம் ஏன் நடக்க மாட்டேங்குது?

எங்க பெரியப்பா தோப்பு திருக்கழுக்குன்றத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவுல இருக்கு. பெரிய ஜமீன் எல்லாம் இல்லை, ரெண்டு ஏக்கர். பங்கனப்பள்ளியும் ருமானியும், ஓரத்துல கொஞ்சம் நீலமும். மேலே சொன்னதை எல்லாம் நான் அவர்கிட்ட பிரசங்கம் பண்ணினப்போ வெத்தலையை மென்னுக்கிட்டே கேட்டார்: "தம்பி, தோப்பு என்னுதுதான். காய் யாருது?"

காய் குத்தகைக்காரருது. இந்தப் பக்கம் நிறைய தோப்புல இதான் நிலவரம். ஜனவரி பிப்ரவரியில பூவைப் பார்த்து, இல்லேன்னா பிஞ்சைப் பார்த்து வியாபாரி ஒரு தொகை பேசுவார். அட்வான்ஸ் குடுத்துட்டா அன்னிலேருந்து காவல், மருந்து, பறிப்பு எல்லாம் அவர் பாடு. ஜூலையில கடைசிக் காய் இறங்கினதும் கிளம்பிடுவார். அடுத்த வருஷம் அவரே வரலாம், வேற ஆளும் வரலாம்.

இந்தக் கணக்குக்குள்ள தத்துப்பூச்சியைக் கொண்டு வாங்க. பூங்கொத்துல சாறு உறிஞ்சி பூவைக் கருக வைக்கிற பூச்சி இது. இலை மேல கரி பூசின மாதிரி கரும்பூசணம் படியுதே, அதுவும் இது கழிக்கிற இனிப்புத் தண்ணியால வர்றதுதான். பூ இல்லாத காலத்துல மரப்பட்டை இடுக்குல ஒளிஞ்சுக்கும். கிளை அடர்ந்து, வெயில் உள்ளே நுழையாத தோப்புன்னா அதுக்குக் கொண்டாட்டம். ஆகஸ்ட் செப்டம்பர்ல கவாத்து பண்ணி, நடு மரத்துல வெளிச்சம் விழற மாதிரி செஞ்சுட்டா பாதிப் பிரச்சினை அங்கேயே முடியும். ஆனா ஆகஸ்ட்ல தோப்புல யார் இருக்கா? குத்தகைக்காரர் போயாச்சு. சொந்தக்காரர் கூலி குடுத்து கவாத்து பண்ணினா லாபம் அடுத்த குத்தகைக்காரருக்கு. கவாத்து பண்ணின முதல் வருஷம் காய் குறையும், குத்தகைத் தொகையும் குறையும். யாரும் தொட மாட்டாங்க. மரம் காடா வளரும். ஜனவரியில பூ வந்ததும் தத்துப்பூச்சி கூட்டமா இறங்கும். அப்போ கையில இருக்கிற ஒரே ஆயுதம் மருந்து டேங்க்.

நம்ம தொழில்ல இதைத் தினம் பார்க்கிறோமே! ஆறு மாச கான்ட்ராக்ட்ல வந்த ஆள் ஹாட்ஃபிக்ஸ் போட்டுட்டுப் போவான். கோடை ஒழுங்குபடுத்துற வேலையை யாரும் கையில எடுக்க மாட்டாங்க, ஏன்னா அது யாரோட டிக்கெட்லயும் வராது.

குத்தகைக்காரரை வில்லன் ஆக்கறது என் நோக்கம் இல்லை. வட்டிக்கு வாங்கின பணத்தை முழுசா மரத்து மேல கட்டி வச்சிருக்கார். ஒரு வாரம் பூ கருகினா அவர் கதை முடிஞ்சது. அவருக்கு மருந்துங்கிறது இன்ஷூரன்ஸ் பிரீமியம். எந்த மருந்து, எவ்வளவுன்னு யாரைக் கேட்பார்? கடன் குடுக்கிற மருந்துக்கடைக்காரரை. அங்கே டாக்டரும் மெடிக்கல் ஷாப்பும் ஒரே ஆள்.

பூ நேரத்துல அடிக்கிற மருந்துல இன்னொரு கூத்து. மாம்பூவுக்கு மகரந்தம் சுமக்கிறதுல பெரும்பங்கு தேனீக்கு இல்லை, ஈக்களுக்கு. சாதாரண வீட்டு ஈ, பச்சை ஈ, அதுங்கதான். பூவைக் காப்பாத்த அடிக்கிற மருந்து பூவைக் காயாக்குற ஈயைக் கொல்லுது. அப்புறம் 'பூ நல்லாத்தான் இருந்துச்சு, பிஞ்சு பிடிக்கலை'ன்னு புலம்பல்.

சரி, ஒருத்தர் நல்லவரா இருந்து பொறி வைக்கிறார்னு வைங்க. பெரியப்பா ஒரு வருஷம் குத்தகைக்கு விடாம தானே வச்சுப் பார்த்தார். டப்பா நிறைய ஈ விழுந்துச்சு. பழத்துலயும் புழு இருந்துச்சு! "உன் பொறி ஊர்ல இருக்கிற ஈயை எல்லாம் விருந்துக்குக் கூப்பிடுதுடா"ன்னார். அதுல பாதி உண்மை இருக்கு. பொறிக்கு வர்றது ஆண் ஈ. பக்கத்துத் தோப்புலயே ஜோடி சேர்ந்து, வயித்துல முட்டையோட பறந்து வர்ற பெண் ஈயை அந்த டப்பா ஒண்ணும் பண்ணாது. இந்த முறை ஒரு தோப்புக்கானது இல்லை, ஒரு ஊருக்கானது. பசிபிக் கடல்ல மரியானாத் தீவுக்கூட்டத்துல ரோட்டான்னு ஒரு சின்னத் தீவு. 1960-கள்ல அங்கே மெத்தில் யூஜினால் ஊறின அட்டைத் துண்டுகளை விமானத்துலேருந்து தீவு பூராவும் போட்டு இந்த ஈயையே இல்லாம ஆக்கினாங்க. சுத்தி கடல், வெளியிலேருந்து ஈ வர வழியில்லை. நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஆனா ஒரு ஊராட்சி அளவுல எல்லாத் தோப்புலயும் ஒரே வாரத்துல பொறி தொங்கினாலே நிலைமை வேற மாதிரி இருக்கும். பொறி விலையும் பெரிசு இல்லை. அதுக்கு ஆகுற செலவு மருந்துச் செலவுக்குப் பக்கத்துல கூட வராது.

ஊருக்கான வேலையை ஆளாளுக்கு விட்டா என்ன ஆகும்னு நாட்டுக்கே ஒரு தடவை பாடம் கிடைச்சுது. 2013-ல ஐரோப்பாவுக்குப் போன நம்ம காய்கனி சரக்குல 207 பார்சல்ல பழ ஈ மாதிரி பூச்சிகளைக் கண்டுபிடிச்சாங்க. 2014 மே மாசத்துலேருந்து ஐரோப்பிய ஒன்றியம் மாம்பழத்துக்கும் கூடவே கத்தரிக்காய், பாகற்காய், புடலங்காய், சேம்புக்கும் தடை போட்டுது. 2015 ஆரம்பத்துலதான் மாம்பழத்துக்கு மட்டும் தடை நீங்குச்சு.

இப்போ நம்ம பங்குக்கு வர்றேன்.

ஈசிஆர்லயும் ஓஎம்ஆர்லயும் போர்டு பார்த்திருப்பீங்க. 'பண்ணை நிலம், மாமரங்களுடன், வாரக்கடைசியை இயற்கையோடு கழியுங்கள்.' நம்ம ஆபீஸ்லயே நாலு பேர் வாங்கியிருப்பாங்க. பெரியப்பா தோப்புக்குக் கிழக்கால ஒரு தோப்பு அப்படித்தான் பிரிஞ்சு போச்சு. ஆறு துண்டு, ஆறு கம்பி வேலி, ஆறு கேட்டு. சொந்தக்காரங்க மாசத்துக்கு ஒரு தடவை கார்ல வர்றாங்க. "நாங்க மருந்தே அடிக்கறதில்லைங்க, பக்கா ஆர்கானிக்"னு பெருமையா சொல்றாங்க. உண்மைதான், மருந்து அடிக்கறதில்லை. பழத்தையும் பறிக்கறதில்லை. மே ஜூன்ல மரத்தடி பூரா பழம் விழுந்து அழுகிக் கிடக்கும். வாட்ச்மேனுக்கு கேட் பார்க்கிறதுதான் வேலை, பழம் பொறுக்கிறது இல்லை. ஒவ்வொரு பழத்துக்குள்ளேயும் புழு. ஆறு துண்டு நிலமும் ஈப்பண்ணை. அந்த ஈ எல்லாம் வேலிக்கு இந்தப் பக்கம் வருது. இந்தப் பக்கத்துக் குத்தகைக்காரர் ஒரு டேங்க் சேர்த்து அடிக்கிறார்.

அந்தக் கூடுதல் டேங்க் யார் கணக்குல வரும்? என்னைக் கேட்டா கம்பி வேலிக்கு அந்தப் பக்கம்தான். வீட்டு மரத்துப் பழத்தைச் சாப்பிட்டுட்டு, கடையில வாங்கின பழத்துல விஷம் இருக்குன்னு பதிவு எழுதறதும் அந்தப் பக்கத்து ஆளுங்கதான் :-)

பண்ணை வீடு வாங்கறது பாவம்னு சொல்ல வரலை. விழுந்த பழத்தைப் பொறுக்கி, புதைக்க சோம்பலா இருந்தா கெட்டியான கறுப்பு பிளாஸ்டிக் பையில போட்டு வாயைக் கட்டி நாலஞ்சு நாள் வெயில்ல வைங்க. புழு உள்ளேயே வெந்துடும். நாலு மரம்தான் இருக்குன்னா எலுமிச்சை சைஸ்ல இருக்கும்போதே காய்க்கு ஒரு பேப்பர் பை மாட்டி விடுங்க. வாட்ச்மேன் சம்பளத்தோட இதுக்குன்னு தனியா ஒரு தொகை குடுங்க. ஒரு பீட்சா விலை கூட ஆகாது.

கடற்கரைப் பக்கம் தென்னையிலும் இதே கதைதான், வேற வேஷத்துல. கோவளத்துலேருந்து கல்பாக்கம் வரைக்கும் தென்னை வச்சிருக்கிறவங்களைக் கேளுங்க, 'வேர்ல மருந்து கட்டறது' தெரியாதவங்க இருக்க மாட்டாங்க. இளம் வேரைச் சாய்வா வெட்டி, ஒரு பையில 10 மில்லி மோனோகுரோட்டோபாஸ், 10 மில்லி தண்ணி ஊத்திக் கட்டிட்டா மரம் உறிஞ்சிக்கும். கருந்தலைப்புழு, கூன்வண்டு எல்லாத்துக்கும் அதான். கட்டினா 45 நாளைக்குக் காய் பறிக்கக் கூடாதுங்கிறது சிபாரிசு. பறிக்கிறவர் ஒருத்தர், கட்டினவர் ஒருத்தர், இளநீர் வண்டிக்காரர் இன்னொருத்தர்னு இருக்கிற ஊர்ல அந்த 45-ஐ யார் எண்ணினா? 2013-ல பீகார்ல மதிய உணவு சாப்பிட்டு 23 குழந்தைங்க செத்துப்போனது இந்த மருந்தாலதான். சமையல் எண்ணெயில கலந்திருந்தது. பத்து வருஷம் கழிச்சு, 2023-லதான் மத்திய அரசு மோனோகுரோட்டோபாஸ் 36 சதவீதக் கரைசலுக்குத் தடை உத்தரவு போட்டுது. தாமதம்தான், ஆனாலும் நல்ல காரியம்.

'மருந்து இல்லேன்னா அழிஞ்சு போயிடுவோம்'னு சொல்றவங்களுக்கு என்கிட்ட ஒரு உதாரணம் தயாரா இருக்கு. தமிழ்நாட்டுக்காரங்க சட்டைக் காலரைத் தூக்கி விட்டுக்கலாம், அந்த மாதிரி கதை. 2008-ல கோயம்புத்தூர்ல பப்பாளி மாவுப்பூச்சி முதல் தடவையா இந்தியாவுல தென்பட்டுது. பூர்வீகம் மெக்சிகோ பக்கம். பப்பாளியோட நிக்கலை. மல்பெரி, மரவள்ளி, பருத்தி, கொய்யா, செம்பருத்தின்னு பார்த்ததை எல்லாம் வெள்ளைப் பஞ்சா மூடிச்சு. மல்பெரி போனதால பட்டுப்புழு வளர்க்கிறவங்களும் தலையில துண்டு போட்டுக்கிட்டாங்க. அடிச்ச மருந்து அந்த மெழுகுப் பஞ்சைத் தாண்டி உள்ளே போகலை. கூட இருந்த நல்ல பூச்சிங்கதான் செத்துச்சு.

2010-ல பெங்களூர்ல இருக்கிற மத்திய அரசோட வேளாண் பூச்சி ஆராய்ச்சி நிறுவனம், அமெரிக்க வேளாண் துறை மூலமா போர்ட்டோ ரிக்கோவுலேருந்து மூணு வகை ஒட்டுண்ணிக் குளவியை வரவழைச்சாங்க. குளவின்னதும் கொட்டும்னு பயப்படாதீங்க, கொசுவை விடச் சின்னது. அதுல அசிரோபேகஸ் பப்பாயேங்கிற ஒண்ணுதான் ஹீரோ. மாவுப்பூச்சி உடம்புக்குள்ள முட்டை வைக்கும். குஞ்சு உள்ளேயே தின்னு வளர்ந்து ஓட்டை போட்டு வெளியே வரும். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் அதைப் பெருக்கி ஊர் ஊரா விட்டாங்க. கூடவே ஒரே ஒரு நிபந்தனை: தயவுசெஞ்சு மருந்து அடிக்காதீங்க, குளவி செத்துடும். சில மாசத்துல மாவுப்பூச்சி அடங்கிப்போச்சு. வருஷா வருஷம் வாங்க வேண்டியதும் இல்லை, குளவி தானே வாழ்ந்துக்கும். இதேபோல 2020-ல மரவள்ளி மாவுப்பூச்சி வந்தப்போ ஆப்பிரிக்காவுல பெனின் நாட்டுலேருந்து குளவி கொண்டு வந்தாங்க. 2016-ல பொள்ளாச்சிப் பக்கம் தென்னையில சுருள் வெள்ளை ஈ வந்தப்போவும் விஞ்ஞானிங்க சொன்னது அதான்: மருந்து வேண்டாம், என்கார்சியாங்கிற குட்டிக் குளவி ஏற்கெனவே தோப்புக்குள்ள இருக்கு, அதைப் பிழைக்க விடுங்க.

இதெல்லாம் ஏன் நடந்துச்சு? சம்பளம் வாங்கற அரசாங்க ஆளுங்க இதைத் தங்க வேலையா எடுத்துக்கிட்டாங்க. குளவியை பாட்டில்ல அடைச்சு சீசனுக்குச் சீசன் விக்க முடியாது. அதனால எந்தக் கம்பெனியும் செய்யப் போறதில்லை. பழ ஈக்கும் அதே மாதிரி ஒரு கை வேணும். ஊராட்சிக்கு ஊராட்சி, பட்டா யார் பேர்ல இருந்தாலும் சரி, பூட்டின கேட்டா இருந்தாலும் சரி, உள்ளே போய் பொறி தொங்கவிட ஒரு ஆள். கொசு ஒழிக்க வீடு வீடா வந்து தண்ணித் தொட்டியைத் திறந்து பார்க்கிறாங்க இல்லையா, அந்த அதிகாரத்தோட. ஏரி வேலை வரப்பு வேலைன்னு நூறு நாள் வேலையில என்னென்னமோ பண்ணின ஊருக்கு, ரெண்டு மாசம் பழம் பொறுக்க ஆள் போடறது கஷ்டமே இல்லை. குத்தகைப் பத்திரத்தையும் மூணு வருஷமா நீட்டினா கவாத்து பண்ண யாருக்காவது மனசு வரும். பெரியப்பா இந்த வருஷம் அப்படித்தான் பேசிப் பார்த்தார். குத்தகைக்காரர் மூணு வருஷத்துக்கு ஒத்துக்கிட்டார், தொகையை மட்டும் குறைச்சுட்டார். பெரியப்பா இன்னும் யோசிச்சுக்கிட்டு இருக்கார். அதுக்குள்ள கிழக்கால பிளாட் போட்ட அதே புரோக்கர் ரெண்டு தடவை வீட்டுக்கு வந்து காபி குடிச்சுட்டுப் போயாச்சு.

வேப்பெண்ணெய் கோஷ்டிக்கு ஒரு வார்த்தை. வேம்பு நல்லதுதான், பூ வர்ற ஆரம்பத்துல தத்துப்பூச்சிக்கு அடிக்கலாம். ஆனா வெயில்ல சில நாள்ல வீரியம் போயிடும். பழத்துக்குள்ள இருக்கிற புழுவை அது எட்டவே எட்டாது. 'ஒரே ஒரு இயற்கைக் கரைசல், எல்லாப் பூச்சியும் காலி'ன்னு வாட்ஸப்ல வர்றதும், 'ஒரே ஒரு மருந்து, எல்லாப் பூச்சியும் காலி'ன்னு கடைக்காரர் சொல்றதும் எனக்கு ஒரே மாதிரிதான் கேட்குது.

கொசுறு: மரத்துல இலைகளை ஒட்டிக் கூடு கட்டுற சிவப்பு எறும்பு, அதான் முசுறு, அதைக் கொண்டே ஆரஞ்சுத் தோட்டத்துல பூச்சியை அடக்கறதைப் பத்தி சீனாவுல கி.பி. 304-லயே எழுதி வச்சிருக்காங்க. எறும்புக் கூட்டைப் பையில கட்டி சந்தையில வித்தாங்களாம். எங்க தோப்புல காய் பறிக்க வர்றவங்க முதல் வேலையா அந்தக் கூட்டைத்தான் தீ வச்சு எரிக்கிறாங்க. அவங்களையும் குத்தம் சொல்ல முடியாது, கடி அப்படி. முசுறு இருக்கும்போதே கடி வாங்காம காய் பறிக்கிற வித்தை தெரிஞ்சவங்க யாராவது இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்கப்பா. பெரியப்பா கேட்டுக்கிட்டே இருக்கார்.